கை மடியில் இருக்க வேண்டும்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். ஜேர்மனியில், ஹம் நகரத்திலோ பக்கத்து ஊர்களிலோ தமிழர் ஒருவர் நீதவான் முன் நிற்க வேண்டி வந்தால், அநேகமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பொறுமை குறைவு என்பது ஊரறிந்த விஷயம். நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் கொழும்பில் விமானம் ஏறியதிலிருந்து கதை தொடங்கும் எங்கள் ஆட்களுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள் நான்.

அத்துமீறி நுழைந்த வழக்கு என்றால் எனக்கு உள்ளூரச் சந்தோசம், ஏனென்றால் சீக்கிரம் முடியும். வருகிறவர்களும் பெரிய ஆட்கள் இல்லை. களவில் பிடிபட்டு, இனி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்த பிறகும் அதே கடைக்குப் பால் வாங்கப் போனவர். பிரிந்துபோன மனைவியின் வாசற்படியை விட்டு எழும்ப மாட்டேன் என்று இருந்தவர். பனிக்காலத்தில் ரயில் நிலையத்தில் படுத்தவர். இவற்றில் பாதி, அற்ப விஷயம் என்று கோப்போடு மூடப்பட்டுவிடும். மீதியில் அநேகமானவற்றுக்கு, ஆளின் முகத்தையே பார்க்காமல் நீதவான் தன் மேசையிலிருந்து தண்டனையை எழுதிக் கையெழுத்து வைப்பார். அது தபாலில் வீட்டுக்கு வரும். இரண்டு கிழமைக்குள் மறுப்பு எழுதாவிட்டால் தீர்ப்பு தீர்ப்புத்தான்.

மறுப்பு எழுதியவர்கள்தான் மண்டபத்துக்கு வருவார்கள். அங்கேயும் தீர்ப்பு என்று ஒன்று வாசிக்கப்படுவது குறைவு. இடத்துக்குச் சொந்தக்காரர் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தால் வழக்கே இல்லை என்பதால், நீதவான் இரண்டு பக்கத்தையும் பார்த்து, பேசித் தீர்க்க வழி உண்டா என்று கேட்பார். ஒரு வாக்குறுதி, இல்லாவிட்டால் சில மணிநேரப் பொதுவேலை, ஒரு கையெழுத்து. கால் மணித்தியாலத்தில் எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம்.

முருகேசு அண்ணையின் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. எல்லாருக்கும் நல்லதாக முடிந்தது என்று அன்று நானும் நினைத்தேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவருக்கு எழுபத்தொரு வயது. எண்பத்தைந்தாம் ஆண்டில் கிழக்குப் பேர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்த கூட்டத்தில் ஒருவர். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு கம்பித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம். அவர் வந்து நாலு வருடம் கழித்து மனைவி குணேஸ்வரி வந்து சேர்ந்தார். அவர் பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை செய்தார். அஜிதா என்று ஒரே மகள். அந்தக் காலத்து எங்கள் ஆண்களைப்போல முருகேசு அண்ணையும் வீட்டில் தேத்தண்ணிகூட ஊற்றத் தெரியாதவர். சாப்பாட்டு மேசையில் அவர் செய்த ஒரே வேலை சாப்பிட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குணேஸ்வரி குழையல் குழைப்பார். பெரிய சட்டியில் சோற்றைக் கொட்டி, பருப்பு, கீரை, மீன்குழம்பு எல்லாவற்றையும் விட்டுக் கையால் பிசைந்து, உருண்டை பிடித்து ஆளாளுக்குக் கையில் வைப்பார். வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் கையை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் வாய்க்குள் வைத்துவிடுவார் என்று அண்ணை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அறுபத்தொரு வயதில் குணேஸ்வரிக்கு மறதி தொடங்கியது. முதலில் டொச் மொழி போனது, பிறகு ஆட்களின் பெயர் போனது. அடுப்பில் என்ன வைத்தோம் என்பதும் போன பிறகு முருகேசு அண்ணை சமையல் பழகினார். மனைவி பக்கத்தில் நின்று உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு என்று குற்றம் கண்டுபிடிப்பார். அதுவும் ஒருநாள் நின்றுபோனது. சாப்பாட்டை முன்னால் வைத்தால் அது என்ன பொருள் என்று குணேஸ்வரிக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணை குழைத்து வாயருகில் கொண்டுபோனால் வாயைத் திறந்தார். ஏழாவது வருடம், இரண்டு தரம் வீட்டை விட்டு வெளியேறித் தண்டவாளத்துப் பக்கம் போன பிறகு, முதியோர் இல்லத்தில் விட வேண்டி வந்தது. மகள் சட்டப் பொறுப்பாளராகக் கையெழுத்து வைத்தாள்.

அந்த இல்லத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். குணேஸ்வரிக்கு விழுங்குவதில் கோளாறு வந்திருந்தது. தண்ணீர்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். இல்லத்துச் சாப்பாடு மூன்று நிறக் கூழாக வரும். குணேஸ்வரி வாயை மூடிக்கொள்வார். அண்ணை தினமும் ரயில் பெட்டிக்குள் மீன்குழம்பு மணக்காமல் இறுக்கி மூடிய டப்பாவில் குழையல் கொண்டுபோய்க் கையால் தீத்தினார். சோற்றுப் பருக்கை சுவாசப்பைக்குள் போகும் என்று முதலில் வாயால் சொன்னார்கள். பிறகு எழுத்தில் கொடுத்தார்கள். இரண்டு தரம் சளிச்சுரம் வந்து குணேஸ்வரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாவது தரம் வந்தால் உயிர் தப்பாது என்றார்கள். அண்ணை நிறுத்தவில்லை. போன தை மாதம் அவருக்குத் தடைக் கடிதம் வந்தது. இல்லத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. மகளும் அதற்குச் சம்மதித்திருந்தாள்.

மூன்று கிழமை வீட்டில் இருந்தார். பிறகு தொழிற்சாலையில் போட்ட நீல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். காலையில் பேக்கரியிலிருந்து பாண் வண்டி வரும் நேரம் இல்லத்தின் பின்கதவு திறந்திருக்கும். அண்ணை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதற்குள்ளால் போனார். பெட்டி தூக்கிக்கொண்டு போகும் கறுத்த மனிதனை இந்த நாட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முப்பத்தொன்பது வருடத்தில் அவர் இந்த நாட்டைப் பற்றிப் படித்த பாடங்களில் அது ஒன்று, அது ஐந்து தரம் வேலை செய்தது. ஐந்தாவது தரம் ஒரு தாதி கண்டுபிடித்தாள். பொலிஸ் வரும்வரை அவர் ஓடவில்லை. கடைசி வாயைக் கொடுத்துவிட்டு மனைவியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தண்டனை தபாலில் வந்தது, மஞ்சள் உறையில். எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் உறை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அகதி வழக்குக் காலத்தில் நிராகரிப்பு எல்லாம் அதில்தான் வரும். உடைக்காத கடிதம் வராத கடிதம் என்று ஒரு மூடநம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு உண்டு. தபாற்காரன் பெட்டியில் போட்ட நாளிலிருந்தே நாள் ஓடும் என்று எத்தனை பேருக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லியிருப்பேன். முருகேசு அண்ணை உறையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். பதினொரு நாள் அது அங்கே இருந்தது. அஜிதா தற்செயலாகக் கண்டு, ஒற்றை வரியில் மறுப்பு எழுதி அனுப்பினாள். அம்மாவுக்குப் பொறுப்பாகத் தடையில் கையெழுத்து வைத்தவளும் அவள்தான், அப்பாவுக்காக மறுப்பு எழுதியவளும் அவள்தான். அந்தப் பிள்ளையின் நிலை எனக்கு வர வேண்டாம்.

வழக்கு நாளன்று அண்ணை கோட்டும் சூட்டுமாக வந்தார். மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்குத் தைத்ததாம், தோள் இரண்டும் தொங்கியது. வழக்கறிஞர் வைக்கவில்லை. நீதவான் ஐம்பது வயதுப் பெண். எதிரே அரச தரப்பில் ஓர் இளம் ஆள். சாட்சிக்கு இல்லத்தின் பொறுப்பாளர், அவரும் பெண்தான். பின்வரிசையில் அஜிதா. நான் அண்ணையின் பக்கத்தில் இருந்தேன்.

“தடை இருப்பது உங்களுக்குத் தெரியுமா?” என்று நீதவான் கேட்டார்.

“தெரியும்.”

“தெரிந்தும் போனீர்களா?”

“போனனான். அஞ்சு தரம்.”

அரச தரப்பு ஆள் கோப்பைப் புரட்டினான். கோப்பில் ஒரு தரம்தான் இருந்தது. கேட்காத நாலையும் மனிதன் தானாகத் தூக்கிக் கொடுத்தார். எனக்கு அவரின் தொடையில் கிள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் சொன்னதை அப்படியே மாற்றுவதுதான் என் சத்தியம். ஐந்து என்றே சொன்னேன்.

“ஏன் போனீர்கள்?”

இனிக் கொழும்பிலிருந்து தொடங்கப்போகிறார் என்று நான் பேனையை எடுத்தேன். அவர் சொன்னது இரண்டே சொல்.

“அவ சாப்பிட்டவ.”

இல்லப் பொறுப்பாளர் சாட்சி சொன்னார். முருகேசு நல்ல மனிதர், தோட்டத்து மர வாங்கை அவர்தான் திருத்திக் கொடுத்தார், எங்களுக்கு அவரோடு கோபம் இல்லை என்றார். ஆனால் அந்தப் பெண்ணின் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்றார். மெலிந்துவருகிறாரா என்று நீதவான் கேட்டார். ஆம் என்றார். உங்கள் ஆட்கள் கொடுத்தால் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சில கரண்டி என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் தலையைக் குனிந்தார்.

நீதவான் அண்ணையைப் பார்த்து, “நீங்கள் கொடுக்கும் சோற்றினாலேயே அவர் சாகலாம் என்பது உங்களுக்கு விளங்குகிறதா?” என்றார்.

“விளங்குது. சாப்பிடாட்டிலும் சாவா தானே.”

மொழிபெயர்த்தேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீதவான் சிறிது நேரம் எதையோ எழுதினார். பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தார். பேசித் தீர்க்க வழி உண்டா?

வழி இருந்தது. இல்லம் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கும், தடையும் நீங்கும். அண்ணை புதனும் சனியும் மூன்று மணியிலிருந்து நாலு மணிவரை வரலாம். பொது மண்டபத்தில், தாதி ஒருவர் இருக்கும்போது, மனைவிக்குப் பக்கத்தில் இருக்கலாம். சாப்பாடு எதுவும் கொண்டுவரக் கூடாது, வாயில் எதுவும் வைக்கக் கூடாது. “கை மடியில் இருக்க வேண்டும்” என்றார் பொறுப்பாளர், விளக்கமாக இருக்கட்டும் என்று. யோசிக்க ஐந்து நிமிடம் தந்தார் நீதவான்.

நடைபாதையில் அஜிதா தகப்பனின் கையைப் பிடித்தாள். “அப்பா, ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பத்தொன்பது வருடத்தில் ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள், ஆயிரம் பேருக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குப் பதினொன்றரைக்கு டோர்ட்முண்டில் இன்னொரு வழக்கு. மணிக்கூட்டைப் பார்த்தேன். “போகவே ஏலாமல் இருக்கிறதை விட இது நல்லம்தானே, அண்ணை” என்று சொன்னேன்.

உள்ளே போய் அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். “அவவின்ர கையைப் பிடிக்கலாமோ?”

பொறுப்பாளர் உடனே தலையாட்டினார். கையைப் பிடிக்கலாம், அது நல்லது என்றார். அண்ணை ஓம் என்றார். எழுத்துக்காரர் பதிந்தார், வழக்கு முடிந்தது. அண்ணை எல்லாருக்கும் கை கொடுத்தார், அரச தரப்பு ஆளுக்கும். நான் ரயிலைப் பிடித்துவிட்டேன்.

ஆறு கிழமை கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். டொச்சில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். எங்கள் ஆட்களின் கடிதம் என்றால் எனக்குத் தெரியும், ஓய்வூதியம் அல்லது தண்ணீர்க் கட்டணம். ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அவருக்குக் கோப்பி வாங்கி வைத்தேன். குடிக்கவில்லை. சட்டைக் கழுத்து அவரின் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

“எப்பிடி அண்ணை, அக்கா சுகமோ? போறனீங்கள்தானே?”

“போறன். ஒரு நாளும் தவற விடேல்லை.”

பிறகு சொன்னார். என்னைப் பார்க்காமல் வெளியே டிராலி இழுத்துக்கொண்டு போகும் சனத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் சனிக்கிழமை போய்ப் பக்கத்தில் இருந்தார். மனைவிக்கு அவரை யாரென்று தெரியவில்லை, அது பழகிய விஷயம். கையைப் பிடித்தார். குணேஸ்வரி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

“சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் போறனான், பிள்ளை. ஒரு மணமும் இராது. எண்டாலும் கண்டுபிடிக்கிறா. விரலைச் சூப்புறா. நான் இழுத்தா விடுறா இல்லை. அந்தத் தாதிப் பிள்ளை மெதுவா என்ர பேரைச் சொல்லும். நான் கையை எடுத்து மடியில வைப்பன். இவ வாயை மூடமாட்டா. நாலு மணி மட்டும் திறந்தபடி என்னைப் பாத்துக்கொண்டிருப்பா.”

கையைப் பிடிக்காமல் இருந்து பாருங்கள் என்றேன். மடத்தனம்.

“பிடிக்காட்டி அவ எட்டிப் பிடிக்கிறா. மற்ற நாளிலை இப்பிடி இல்லையாம், தாதி சொன்னது. சும்மா இருப்பாவாம். நான் போறதாலதான் அவவுக்குப் பசிக்குது.”

“அப்ப கொஞ்ச நாளைக்குப் போகாமல் இருங்கோ, அண்ணை.”

“அதுக்குத்தான் கடிதம்” என்றார். “அந்தத் தடையைத் திருப்பித் தரச் சொல்லி எழுதித் தாங்கோ.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் வந்தது, யாரோடு என்று தெரியாத கோபம். தடை இருக்கும்போதே ஐந்து தரம் போன ஆள் நீங்கள், இப்போது அது எதற்கு என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“அப்ப சாப்பாடு கொண்டுபோக ஏலும். இப்ப ஏலாது. அந்த நீதவான் மனுசிக்கு முன்னால ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.” கோப்பியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். “நானாப் போகாமல் நிண்டால், பசியோட இருக்கிற பெண்சாதியை விட்டுட்டு நிண்டது நான். தடைக் கடுதாசி இருந்தால், கதவைப் பூட்டினது அவையள். அவவுக்கு ஒண்டும் தெரியாது. எனக்குத் தெரியும்தானே.”

நான் அழுகிறவள் இல்லை. ஆனால் பேக்கரியின் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பதினொன்றரை மணி வழக்குக்காக அந்த மனிதனை ஓம் சொல்ல வைத்தவள் நான். அவர் எனக்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது.

கடிதம் எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தடைகளை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், ஒரு தடையைப் போடச் சொல்லி எழுதியது அதுதான் முதல். முருகேசு ஆகிய நான் இல்லத்துக்குள் வருவதை மறுபடியும் தடைசெய்யுமாறு மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். நான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. தொலைபேசியில் அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு, பிறகு தமிழில் வாசித்தேன். வழக்கு முடிந்த நாளிலிருந்து நீங்கள் எல்லா நிபந்தனைகளையும் சரியாகக் காப்பாற்றி வருகிறீர்கள், ஆகவே தடை விதிக்க எந்தக் காரணமும் இல்லை, உங்கள் வருகை உங்கள் மனைவிக்கு ஆறுதலாக இருப்பதாக நம்புகிறோம், நீங்கள் எப்போதும் எங்களிடம் வரவேற்கப்படுவீர்கள். அன்பான கடிதம். கீழே பொறுப்பாளரின் பெயர்.

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் கூப்பிட்டேன்.

“இருக்கிறன்” என்றார். “அப்ப, இந்தச் சனிக்கிழமையும் போகத்தான் வேணும். என்ன, பிள்ளை?”

“ஓம், அண்ணை” என்றேன்.